எழுவான்கரைத் தறியும் உலகச் சந்தையும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலத்தை அப்பகுதி மக்கள் எழுவான்கரை என்பர். வாவிக்கு மேற்கே வயல்கள் பரந்த பகுதி படுவான்கரை. ஞாயிறு எழுகின்ற கரை ஒன்று. படுகின்ற கரை மற்றொன்று. படுவான்கரைக்கு நெல் உண்டு. நிலம் குறுகிய எழுவான்கரைக்கோ மீனும் தென்னையும் தறியுமே துணையாயின. ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் தெற்கே மருதமுனையிலும் விடியுமுன்பே தறியோசை கேட்ட காலம் ஒன்று இருந்தது. சாரமும் சேலையும் அத்தறிகளிலிருந்து நாடெங்கும் சென்றன.

பொருளும் பணமும் மனித உழைப்பும் நாட்டெல்லைகளைக் கடந்து பெருகி ஓடுவதையே இன்று உலகமயமாதல் என்கின்றனர். அதனால் விளைவது நன்மையா, தீமையா என்ற கேள்வி மேடைகள் பலவற்றில் எழுப்பப்படுகின்றது. பொதுப்படப் பேசினால் இரண்டும் உண்டு என்ற விடையே கிடைக்கும்; அவ்விடையால் எவருக்கும் பயனில்லை. எழுவான்கரைத் தறியை அருகிருந்து நோக்கினால், நன்மை எவரிடம் சென்றது, தீமை எவர் தலையில் விழுந்தது என்பதேனும் தெரியவரும்.

வாவிக்கரை உலகத்தை அறியாத ஊரன்று. 1602இல் ஒல்லாந்தக் கடற்படைத் தலைவர் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பிலேதான் வந்திறங்கினார். 1628இல் போர்த்துக்கேயர் அங்குக் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். அவர்களை அத்தனை தொலைவு இழுத்து வந்தது கறுவா மணமே. கறுவா போயிற்று, கோட்டை நிற்கின்றது. பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் போர்த்துக்கேயம் கலந்த மொழியொன்று இன்றும் வழங்குகின்றது. அது கிடக்கட்டும்; தமிழர் வீட்டு மேசையும் அலுமாரியும் சாவியும் சன்னலும் போர்த்துக்கேயச் சொற்களே அன்றோ! பூட்டுக்குரிய சொல்லையே அயலவரிடம் பெற்றுக்கொண்டவர்களுக்கு, கதவை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்ற கவலை புதியதன்று.

1970 முதல் 1977 வரை இலங்கை அரசு அக்கதவைப் பெரும்பாலும் அடைத்தே வைத்திருந்தது. அயல்நாட்டுப் புடைவை வருவது அரிதாயிற்று. நாட்டில் துணி வேண்டியோர் உள்ளூர்த் தறியையே நாடவேண்டியிருந்தது. நெசவாளர் கையிற் பணம் புழங்கிற்று. ஆயின், அவ்வாண்டுகளைப் பொற்காலமென்று மட்டும் போற்றுவோர், பாணுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்ற மக்களையும், அரிசியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லவும் தடையிருந்ததையும் மறந்துவிடுகின்றனர். மேலும், தறி உள்ளூரதாயினும் நூல் உள்ளூரதன்று. இலங்கையில் விளையும் பருத்தி அதற்குப் போதாது. நூலும் சாயமும் இறக்குமதியாகிப் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டன. பங்கு கிடைத்தால் தறி ஓடும், கிடைக்காவிடில் நிற்கும். தற்சார்பென்று கருதப்பட்ட தொழிலின் அடிநூலே கப்பலில்தான் வந்தது.

1977 யூலைத் தேர்தலில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தோடு திறந்த பொருளாதாரம் நாட்டினுட் புகுந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. ஆலைகளில் நெய்த செயற்கை இழைத் துணிகள் மலிவாக வந்து குவிந்தன. வெளுத்தாற் சாயம் போகாத, கசங்காத, விலை குறைந்த துணியை ஏழைத் தாய் ஒருத்தி தன் பிள்ளைக்கு வாங்கியதைக் குற்றமென்று யார் சொல்வர்? அவளுக்குக் கிடைத்தது மெய்யான நன்மை. அதே துணியால், அடுத்த தெருவில் தறியொன்று ஓய்ந்தது. இலட்சக்கணக்கானோர் தலைக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்தனர். நெசவாளர் குடும்பங்களோ முழுப் பிழைப்பையும் இழந்தன. நன்மை மெல்லியதாகப் பரவியது. தீமை ஓரிடத்தில் கனத்து விழுந்தது. பெற்றவரிடமிருந்து ஒரு சிறு பங்கை எடுத்து இழந்தவருக்குச் சேர்க்கும் ஏற்பாடு செவ்வனே செய்யப்படவில்லை என்பதே இதில் பெருங்குறை. கதவைத் திறந்தது பிழையன்று; காற்றில் எது சாயும் என்று பாராமல் திறந்ததே பிழை.

1978இல் கட்டுநாயக்காவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் நிறுவப்பட்டது. அது நாட்டின் மேற்குக் கரையில் அமைந்தது. தறி ஓய்ந்ததோ கிழக்குக் கரையில். பின்னர் மூண்ட போர், கிழக்கில் முதலீட்டின் வழியை அடைத்தது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை மருதமுனை முதலிய கரையூர்களிற் பேரழிவு விளைத்தது. அத்துயரில் உலக நாடுகள் பலவற்றிலிருந்து உதவி வந்து சேர்ந்தமையும் உலகம் நெருங்கியதன் பயனே.

இதற்கிடையில் வேறொரு வழி திறந்தது. 1973க்குப் பின் எண்ணெய் விலை ஏறியமையால் வளைகுடா நாடுகள் செல்வம் கொழித்தன. அங்கு வீட்டுப்பணிக்கு ஆள் தேவைப்பட்டது. தறியில் இடமிழந்த கரையிலிருந்து பெண்கள் விமானம் ஏறினர். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஓலை வீடுகள் கல் வீடுகளாயின, பிள்ளைகள் படித்தனர். காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே இன்று பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்பதைக் காண்போர், அரபு நாடுகளோடு அவ்வூருக்குள்ள உறவைச் சொல்லாமலே உணர்வர்.

அவ்வழியில் மீளாது போனவர்களும் உளர். அயல் மாவட்டமாகிய திருகோணமலையின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு 2005இல் சவூதி அரேபியாவுக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 17. பணிபுரிந்த வீட்டுக் குழந்தை இறந்ததற்காகக் கொலைக்குற்றம் சாட்டப்பட்டு, 2013 சனவரி 9ஆம் நாள் சிரச்சேதம் செய்யப்பட்டார். அதன் பின்னர், வீட்டுப்பணிக்குச் செல்லும் பெண்களின் குறைந்தபட்ச வயதை இலங்கை அரசு உயர்த்தியது. சவூதி அரேபியாவுக்கு அது 25 ஆயிற்று. நாட்டில் அந்நியச் செலாவணி வற்றிய 2022இல், யூன் மாதம், அவ்வயது எல்லா நாடுகளுக்கும் 21 ஆகக் குறைக்கப்பட்டது. ஒரு பெண்ணின் உயிர் உயர்த்திய எல்லையை டொலர்ப் பஞ்சம் தாழ்த்திற்று.

2009இல் போர் ஓய்ந்தபின் கிழக்கிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. பிள்ளைகளைப் பிரியாமல் மாதச் சம்பளம் பெறும் வாய்ப்புப் பெண்களுக்குக் கிட்டியது பெரும்பேறே. ஆனால் அங்குத் தைக்கும் சட்டையின் விதியும் தொலைவில்தான் எழுதப்படுகின்றது. இலங்கை ஏற்றுமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் அளித்த ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை 2010இல் நிறுத்தப்பட்டு 2017இல் மீண்டும் வழங்கப்பட்டது. 2025 ஏப்பிரலில் அமெரிக்கா இலங்கைப் பொருள்களுக்கு 44 வீத வரி அறிவித்தது. ஓகஸ்டில் அது 20 வீதமாக நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட நான்கு மாதங்கள், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த பெண்ணுக்கு எவ்வாறு கழிந்திருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். வரியை விதித்தவரும் அவளை அறியார், குறைத்தவரும் அறியார்.

கைத்தறி முற்றாக மறைந்துவிடவில்லை. மருதமுனையிற் சில தறிகள் இன்றும் ஓடுகின்றன. ஆலைத் துணியில் சலிப்புற்றோர் கைத்தறியைத் தேடி வாங்குகின்றனர். நூல் மட்டும் இன்றும் வெளியிலிருந்தே வருகின்றது. 2022 மார்ச்சுக்கு முன் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபாயை எட்டியது. நூலும் சாயமும் எட்டாத விலைக்கு ஏறின. வளைகுடாவிலிருந்து மகள் அனுப்பிய அதே டொலருக்கு முன்னையினும் கூடுதலான ரூபாய் கிடைத்தது. அப்பணத்தைப் பெற்ற தந்தை, வீட்டின் பின்புறத்தில் தறியை நிறுத்திவிட்டு அரிசி வாங்க வரிசைக்குப் போகவேண்டியதாயிற்று.