'அறளை பெயர்ந்துவிட்டது' என்று சொல்லுமுன்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விஞ்ஞானப் பிரிவில் ஒரே வாங்கில் இருந்து படித்து, பின்னர் வைத்தியத் துறைக்குப் போன நாங்கள் இருவரும் சேர்ந்து தயாரித்த உரை இது. பேசுவது ஒருவர், மற்றவர் முன்வரிசையில் இருந்து பிழை பிடிப்பார்.

அழற்சிக்கு நான்கு குறிகள் என்று விலங்கியல் ரீச்சர் சொல்லித் தந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்: சிவப்பு, வீக்கம், வெப்பம், நோவு. காலில் முள் குத்தினால் நான்கும் தெரியும். ஆனால் முதுமையில் மூளைக்குள் மெல்ல நடக்கும் அழற்சியில் இவற்றில் ஒன்றையும் நாங்கள் காண்பதில்லை. மூளைத் திசுவுக்கு நோவை உணரும் நரம்பு முனைகள்கூட இல்லை. மறதியும் குழப்பமும் வந்த பின்னர்தான் தெரிய வருகிறது. அப்போது நாங்கள் "அறளை பெயர்ந்துவிட்டது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

மூளைக்கென்று தனியான காவற்காரர் இருக்கிறார்கள். மைக்றோகிளியா என்ற இந்தக் கலங்களுக்கு 1919இல் பெயர் வைத்தவர் ஸ்பானிய விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஹோர்த்தேகா. முளையம் உருவாகிய முதல் வாரங்களிலேயே இவை மூளைக்குள் குடியேறிவிடுகின்றன. மெல்லிய கிளைகளை நீட்டிச் சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டே இருக்கும்; இறந்த கலத்தையும் கழிவுப் புரதத்தையும் விழுங்கும்; கிருமி வந்தால் இரசாயனங்களைச் சுரந்து போரிடும். வேலை முடிந்ததும் அடங்கிவிட வேண்டும். அடங்காமல் விட்டால் அந்த இரசாயனங்கள் பக்கத்து நரம்புக் கலங்களையே சிதைக்கத் தொடங்கும்.

இதற்கு மனித மூளையிலேயே ஒரு சான்று கிடைத்தது. 1982இல் வட கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென உடல் விறைத்து, பேச முடியாமல் வைத்தியசாலைக்கு வந்தார்கள். எண்பது வயதுப் பார்க்கின்சன் நோயாளிகளைப் போல இருந்தார்கள். கள்ளத்தனமாகத் தயாரித்த ஹெரோயினில் எம்.பி.ரி.பி. என்ற நஞ்சு கலந்திருந்ததை வைத்தியர் லாங்ஸ்டனின் குழு கண்டுபிடித்தது. இப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் மூவரின் மூளையை அவர்கள் இறந்த பின்னர் பரிசோதித்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். நஞ்சு உட்சென்று 3 முதல் 16 ஆண்டுகள் கழிந்திருந்தும் நரம்புக் கலங்கள் இறந்துகொண்டேயிருந்தன. அவற்றைச் சுற்றி மைக்றோகிளியா கூடி நின்றது. நஞ்சு எப்போதோ போய்விட்டது, தீ அணையவில்லை.

அப்படியானால் அழற்சியை அடக்கும் நோவுக் குளிசை போட்டால் மறதிநோய் வராதா என்று கேட்பீர்கள். அந்த நம்பிக்கையில் குடும்பத்தில் அல்சைமர் நோய் உள்ள, 70 வயதுக்கு மேற்பட்ட சுமார் 2500 பேரிடம் அமெரிக்காவில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. இதய ஆபத்து பற்றிய பயத்தால் 2004 மார்கழியில் மருந்துகளை நிறுத்தினார்கள். தொடர்ந்து அவதானித்தபோதும் பாதுகாப்பு எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை. 2013இல் வந்த செய்தி இன்னும் சுவையானது: மைக்றோகிளியாவின் வேலைக்குத் தேவையான ட்ரெம்-2 பரம்பரையலகில் பிழை உள்ளவர்களுக்கு அல்சைமர் ஆபத்துக் கூடுகிறது. ஆகவே காவற்காரரை நித்திரையாக்குவது மருந்தல்ல. பாமசியில் நீங்களாகவே வாங்கிப் போடும் குளிசை சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும்.

இனி ரீச்சரின் கதைக்கு வருகிறோம். மகளின் அனுமதியுடன்தான் சொல்கிறோம். இரண்டு வருடமாக அவருக்குச் சிறு மறதி இருந்தது. சென்ற வருடம் இரண்டே நாளில் ஆள் மாறிப்போனார். பகலில் தூக்கம், இரவில் இல்லாத ஆட்களுடன் பேச்சு, மகளைத் தன் இறந்துபோன தங்கையின் பெயரால் கூப்பிட்டார். காய்ச்சல் இல்லை. அயலவர் "வயது போனால் இப்படித்தான்" என்றார்கள். மகள் கேட்கவில்லை, வைத்தியசாலைக்குக் கொண்டு போனார். சிறுநீரில் கிருமித்தொற்று. மருந்து கொடுத்து ஒன்பதாம் நாள் ரீச்சர் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

சிறுநீரில் இருந்த கிருமி மூளையை எப்படிக் குழப்பியது? தொற்று வந்ததும் உடலின் நிர்ப்பீடனக் கலங்கள் சுரக்கும் செய்திப் புரதங்கள் குருதி வழியாகவும் நரம்பு வழியாகவும் மூளைக்கு அறிவிக்கின்றன. இளம் வயதில் அதன் விளைவு சோர்வும் பசியின்மையும்தான். மறதிநோய் தொடங்கிய மூளையில் மைக்றோகிளியா ஏற்கெனவே அரை விழிப்பில் இருக்கிறது. சிறு செய்திக்கும் மிதமிஞ்சிப் பாய்கிறது. வந்த குழப்பம் போனாலும் எல்லாம் திரும்புவதில்லை. இப்படி ஒரு தடவை குழம்பியவர்களில் மறதி பின்னர் வேகமாக முன்னேறுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ரீச்சரும் முன்பு தானாகவே போட்ட தேநீரை இப்போது ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் போடுகிறார்.

ஆகவே வித்தியாசத்தைக் கவனியுங்கள். அல்சைமர் மறதி மாதக்கணக்காக, வருடக்கணக்காக வரும். மணித்தியாலங்களில் அல்லது சில நாட்களில் வந்த குழப்பம் வயதால் வந்ததல்ல. அதற்குத் தொற்று, நீர் வற்றல், குருதியில் சோடியம் குறைதல், புதிதாகத் தொடங்கிய குளிசை, சிலவேளை பாரிசவாதம் காரணமாக இருக்கும். அன்றைக்கே காட்டவேண்டிய வருத்தம் அது. முதியவர்களுக்குக் கடும் தொற்றிலும் காய்ச்சல் வராமல் இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் மார்கழியில் தொடங்கி மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். நேற்று வரை சொன்னவர் இன்று கார்த்திகையுடன் நின்றால் யோசிக்க வேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் சகோதரிகளே, அம்மாவின் பேச்சு மாறியதைப் பக்கத்து வீட்டாரை விட முதலில் பிடிப்பது தொலைபேசியில் நீங்களாகவும் இருக்கலாம்.

வைத்தியசாலைக்குப் போகும்போது கிளினிக் கொப்பியையும் போடுகிற எல்லாக் குளிசைகளையும் எடுத்துச் செல்லுங்கள். "மூன்று நாளைக்கு முன்னர் இவர் தானே குளித்து, தானே கும்பிட்டு, பத்திரிகை வாசித்தவர்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாட்டில் முதன்முதலாக அவரைக் காணும் இளம் வைத்தியருக்கு அது தெரியாது. எப்போதும் இப்படித்தான் என்று நினைத்துவிடுவார். ரீச்சரின் மகள் அன்று முதலில் சொன்னது அதைத்தான்.