நாள்தோறும் ஓர் அதிகாரம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்வட்டத்தில் நான் பெரும்பாலும் கேட்பவனாகவே இருந்து வந்திருக்கிறேன். நாள்தோறும் படிக்கும் ஒரு நூலைப் பற்றி ஒவ்வொருவரும் பேச வேண்டும் என விழாக் குழுவினர் பணித்தபோது, சிலர் திருக்குறளையும் சிலர் திருவாசகத்தையும் எடுத்துக்கொண்டனர். எனக்கு வாய்த்தது விவிலியம். சமயம் பேச நான் வரவில்லை. ஒரு நூலோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பழகியவன் என்ற உரிமையில் சில சொற்கள் சொல்ல வந்தேன்.

என் தாயார் எழுத்தறியாதவர். கழனி வேலை முடிந்து வந்து, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, "வேதத்த எடு கண்ணு" என்பார். நான்காம் வகுப்புப் படித்த நான்தான் வீட்டின் வாசகன். விளையாடப் போகும் அவசரத்தில் இரண்டு வசனங்களைத் தாண்டி வாசிப்பேன். அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "இன்னாத்துக்கு ஓடுற? வுட்டத படி" என்பார். கேட்டுக் கேட்டே அந்நூலில் பெரும்பகுதியை நெஞ்சில் வைத்திருந்தார் அவர். படித்தவன் நான், நூல் இருந்தது அவரிடத்தில்.

பின்னர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை கிடைத்தது. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என ஷிப்டு மாறி மாறி வரும். வாசிப்பை மட்டும் நான் விட்டுவிடவில்லை. விவிலியத்தில் 66 நூல்கள், 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிறன்று ஐந்து என்று வாசித்தால் ஓராண்டில் முடிந்துவிடும். அந்தக் கணக்கைக் கடைப்பிடித்துப் பலமுறை முடித்தேன். முடித்தேன் என்பதுதான் சரியான சொல். படித்தேன் என்று சொல்ல நாக் கூசுகிறது. தொழிற்சாலையில் உருப்படிகளை எண்ணிப் பழகிய கை, வீட்டில் அதிகாரங்களை எண்ணியது. அருகிலேயே உட்கார்ந்திருந்த தாயார் மூப்பினால் செவி மங்கிப்போயிருந்தார். சத்தமாக வாசிக்க வேண்டியிருந்ததால் நான் மௌனமாக வாசிக்கத் தொடங்கினேன். இன்று எண்ணிப் பார்த்தால், என் வாழ்வில் நான் செய்த சிறுமைகளுள் அதுவே பெரிது. "இன்னிக்கு இன்னா வந்துது?" என்று கேட்பார். "நல்லதுதாம்மா" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவேன்.

அவர் மறைந்த பின் ஏறத்தாழ ஓராண்டு அந்நூலை நான் தொடவில்லை. நம்பிக்கை போய்விட்டது என்பதன்று. சத்தமாக வாசிக்கக் கேட்பவர் இல்லை, மௌனமாக வாசிக்க வெட்கமாக இருந்தது. ஒருநாள் இரவு ஷிப்டு முடிந்து விடியலில் வந்து, விட்ட இடத்தில் திறந்தேன். நாடா எரேமியாவின் முடிவில் கிடந்தது. அடுத்தது புலம்பல்.

இங்கே கவிஞர்களாகிய உங்கள் கவனத்தைச் சற்று வேண்டுகிறேன். புலம்பல் என்பது ஐந்தே அதிகாரங்கள் கொண்ட சிறு நூல். பாபிலோனியர் எருசலேமை அழித்த பின் அந்நகருக்காக எழுந்த இரங்கற்பாக்கள். நம் மரபில் கையறுநிலை என்று சொல்வோமே, ஏறக்குறைய அது. எபிரேய நெடுங்கணக்கில் எழுத்துகள் 22. முதல் நான்கு பாடல்களும் அந்த எழுத்துகளின் வரிசையிலேயே அமைந்தவை. ஔவையாரின் ஆத்திசூடி அகர வரிசையில் செல்வதை நாம் அறிவோம். அங்கே அது குழந்தையின் நினைவுக்குத் துணை. இங்கே அழுகைக்கு எதற்கு அகர வரிசை?

உரை நூல்கள் பல காரணங்கள் கூறும். எனக்கு அந்த விடியலில் தோன்றியது ஒன்றுதான். துயரத்திற்குக் கரை கிடையாது. கரையில்லாததை மனிதன் சுமக்க முடியாது. ஆகவே முதல் எழுத்தில் தொடங்கிக் கடைசி எழுத்தில் நிறுத்து. நாளை மீண்டும் தொடங்கு என்று அப்புலவன் தனக்கே ஓர் ஒழுங்கு விதித்துக்கொண்டான். மூன்றாம் பாடலில் எழுத்துக்கு மூன்று வசனமாக 66 வசனங்கள். ஆறுதல் அந்தப் பாடலுக்கு நடுவில் வருகிறது: இறைவனின் இரக்கம் காலைதோறும் புதிதாகிறது என்ற எண்ணம். அத்தோடு நூல் முடிந்திருந்தால் அது போதனையாகியிருக்கும். முடியவில்லை, மறுபடியும் அழுகை தொடர்கிறது. ஐந்தாம் பாடலிலும் 22 வசனங்கள் உண்டு. எழுத்து வரிசை மட்டும் இல்லை. அழுது அழுது குரல் உடைந்தவன், எண்ணிக்கையை மட்டும் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குப் பட்டது. யாப்பு என்பது கட்டு என்றுதான் படித்திருந்தேன். விழுகிறவனுக்கு அது கைப்பிடி என்பதை அன்று அறிந்தேன். நான் வெறுத்த தினக் கணக்கும் அப்படித்தான். மனம் வராத நாளிலும் உட்கார வைத்தது அதுவே.

தமிழில் வாசிக்கும்போது அந்த எழுத்து வரிசை நமக்குக் கிட்டாது. வசன எண் மட்டுமே எஞ்சி நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர் எதையோ விட்டுத்தான் எதையோ கொண்டுவர முடிகிறது. அவ்வாறு கொண்டுவந்தவர்களுள் ஒருவருக்கு நம் வட்டாரத்தோடு தொடர்பு உண்டு. 1715இல் சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சானது. அப்பணியைச் செம்மைப்படுத்திய பப்ரிசியஸ் 1742 முதல் சென்னையில் இருந்தவர். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது அவர் அடைக்கலம் புகுந்தது, டச்சுக்காரர் வசமிருந்த நம் பழவேற்காட்டில். இறுதி நாள்களில் கடனுக்காகச் சிறையும் கண்டார், 1791இல் மறைந்தார். அவருடைய பழைய ஏற்பாடு 1796இல்தான் அச்சாகி முடிந்தது. முடிந்த நூலைக் கையிலேந்தாமல் போனவர் சேர்த்த சொற்கள், பின்வந்த திருப்புதல்களின் வழியே, என் தாயாரின் அடுப்படிக்கு வந்து சேர்ந்தன.

கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. அதன் தமிழ் தெளிவானது. பழையதில் 'கர்த்தர்' என்பது இதில் 'ஆண்டவர்'. 'இரட்சிப்பு' இதில் 'மீட்பு'. தமிழாசிரிய நண்பர்கள் புதியதையே போற்றுவர்; நானும் மறுக்கவில்லை. பொருள் விளங்காத இடத்தில் அதைத்தான் திறக்கிறேன். ஆயினும் 'கர்த்தர்' என்ற சொல்லில் என் தாயாரின் குரல் இருக்கிறது. அகராதி அச்சொல்லை மாற்றலாம், செவி மாற்றாது. இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்திருக்கிறேன்.

இப்போது நான் நாளுக்கு ஓர் அதிகாரம்தான் வாசிக்கிறேன். முழுவதும் முடிய மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகட்டும். நெடுஞ்சாலையில் லாரிகளின் இரைச்சல் ஓயாத நம் புதுவாயலில், அதற்கும் மேலாகக் குரலை உயர்த்தி வாசிக்கிறேன். கேட்பவர் எவருமில்லை. ஆனாலும் ஒரு வசனத்தைத் தாண்ட நேர்ந்தால், "வுட்டத படி" என்பது காதில் விழுகிறது. திரும்பிப் போய் வாசித்துவிடுகிறேன்.

கவிஞர்களே, உங்கள் நூல் எதுவாயினும் ஆகுக: குறளோ, தேவாரமோ, குர்ஆனோ, பாரதியோ. நாளுக்கு ஒரு பக்கம் வாய்விட்டு வாசியுங்கள். வீட்டில் செவி மங்கிய முதியவர் இருந்தால், அவருக்குக் கேட்கும்படி வாசியுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு இருந்தபோது நான் பயன்படுத்தவில்லை. அதைச் சொல்லத்தான் இன்று எழுந்தேன்.