தேர்தல் செலவும் குடிமக்கள் குரலும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இன்று அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, நம் வீட்டு வாயில்வரை வந்துவிட்ட ஒரு செய்தியைப் பேச விழைகின்றோம். தேர்தலில் புழங்கும் பணமும், சட்டங்கள் உருவாகும்போது குடிமக்கள் எழுப்பவேண்டிய குரலும் என்பதே அச்செய்தி.

சென்ற தேர்தலின்போது நம் குடியிருப்பிலும் இரவு நேரத்தில் உறைகள் வந்தன. வாங்கியவர் யார், மறுத்தவர் யார் என்று இங்கே நாம் ஆராயப் போவதில்லை. ஆனால் பின்னர் நிகழ்ந்ததைச் சொல்லாமல் இருத்தல் இயலாது. மழைக்காலத்தில் சாக்கடை நீர் தெருவில் தேங்கியது. நம்மவர் சிலர் ஒன்றுகூடி முறையிடச் சென்றோம். அங்கிருந்த ஒருவர் நகைத்தவாறே, “உங்கள் கணக்கைத்தான் அன்றைக்கே தீர்த்துவிட்டோமே!” என்றார். வாங்காதவரும் வாய்மூடித் திரும்பினோம். விலைக்குக் கொடுத்த பொருளின்மீது விற்றவனுக்கு என்ன உரிமை உண்டு? வாக்கும் அவ்வாறே ஆகிவிடுகின்றது.

தேர்தலுக்கு நிற்பார் கணக்குக் காட்டவேண்டும் என்பது நமக்குப் புதிய கருத்தன்று. உத்தரமேரூரில் முதற்பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை அவை. வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு நிற்றல் கூடாது என்று அவை விதிக்கின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஊர்ச் சபைக்கு இருந்த கண்டிப்பு அது!

இக்காலத்து விதியாது? 1951 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வேட்பாளர் ஒவ்வொருவரும் தேர்தல் முடிவு வெளியான 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்கவேண்டும் என்கின்றது. தக்க காரணமின்றித் தவறினால், தேர்தல் ஆணையம் அவரை 3 ஆண்டுகளுக்குத் தகுதியற்றவர் ஆக்கலாம். 2022 சனவரியில் திருத்திய விதிப்படி, நம் மாநிலத்தில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் ரூபாயும், சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாயும் உச்ச வரம்பு. ஆயின், வேட்பாளருக்கு வரம்பு கட்டிய சட்டம் கட்சிகளின் செலவுக்கு வரம்பு கட்டவில்லை. முன்வாயிலைத் தாழிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த வீடு போன்றது இது.

கட்சிகளுக்குப் பணம் வரும் வழியும் நெடுநாள் இருளிலேயே இருந்தது. 2018 இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டம், கொடுத்தவர் பெயரைப் பொதுமக்கள் அறியாதவாறு மறைத்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தைச் செல்லாதது ஆக்கியது. கட்சிக்குப் பொருள் தந்தவர் யார் என்று அறிவது வாக்காளரின் உரிமை என்பதே தீர்ப்பின் சாரம். நமக்கு அண்மையிலுள்ள வேலூரில், பணம் கைப்பற்றப்பட்டமையால் 2019 ஏப்ரலில் நடக்கவிருந்த மக்களவைத் தேர்தலே நிறுத்தப்பட்டு, ஆகஸ்டு 5 ஆம் நாள் நடைபெற்றதையும் நாம் மறக்கலாகாது.

அன்பர்களே! வாக்களித்தபின் நம் கடமை முடிந்தது என்று எண்ணுவதும் பிழையே. சித்தூர் மாவட்டத்தார்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ? 1953 இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது எழுந்த எல்லைச் சிக்கலில் மக்கள் வாளாவிருக்கவில்லை. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்று குரலெழுப்பினர். பின்னர்ப் படாஸ்கர் அவர்கள் நடுவராக அமைந்து, கிராமத்தை அலகாகக் கொண்டு ஆராய்ந்தார். 1959 இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. முடிவு சிலர்க்கு உவப்பாகவும் சிலர்க்கு வருத்தமாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் மக்கள் பேசினர், சட்டம் செவிசாய்த்தது.

நாம் செய்ததென்ன? 2022 சனவரியில் ஆந்திர அரசு 13 மாவட்டங்களை 26 ஆக்க முன்னறிவிப்பு வெளியிட்டு, 30 நாட்களுக்குள் மறுப்பும் கருத்தும் கூறுமாறு மக்களைக் கேட்டது. வரைவில் ஸ்ரீ பாலாஜி எனப் பெயரிடப்பட்ட மாவட்டம், ஏப்ரல் 4 ஆம் நாள் திருப்பதி மாவட்டமாகவே பிறந்தது. வரைவு என்பது மாற்றத்தக்கது என்பதற்கு இதுவே சான்று. நாமோ அந்த 30 நாட்களையும் தேநீர்க் கடையில் வாதிட்டே கழித்தோம். ஒரு வரிகூட எழுதி அனுப்பவில்லை. அறிவிப்பு தெலுங்கில் இருந்தது என்பது சாக்காகாது. நம் பிள்ளைகள் தெலுங்கை நன்கு கற்றவர்கள் அல்லரோ?

மத்திய அரசு 2014 இல் வகுத்த கொள்கை, சட்ட வரைவுகளை 30 நாட்களேனும் மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்கின்றது. அதனை மாநிலங்களும் சட்டமாகவே ஏற்கவேண்டும் என்று கோருவது நம் கடன். அரசியலமைப்பின் 350 ஆம் பிரிவு, குறை தீர்க்க வேண்டும் முறையீட்டை, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்க உரிமை தந்துள்ளது. ஆகவே தமிழில் எழுதவும் அஞ்சவேண்டுவதில்லை.

இச்சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, வரும் தேர்தலில் எவ்வீட்டினரும் உறை வாங்குதல் கூடாது. இரண்டாவது, தேர்தல் முடிந்ததும் நம்மில் இருவர் மாவட்டத் தேர்தல் அலுவலகம் சென்று வேட்பாளர் கணக்குகளைப் பார்வையிடவேண்டும். விதிப்படி ஒரு ரூபாய் செலுத்தினால் எவரும் பார்க்கலாம். மூன்றாவது, அரசின் அறிவிப்புகளைத் திங்கள்தோறும் படித்துத் தமிழில் விளக்க நம் நூலகத்தில் ஒரு மாலையை ஒதுக்கவேண்டும்.

திருச்சானூரில் பிறந்த அனந்தசயனம் ஐயங்கார் அவர்கள் மக்களவைத் தலைவராய் வீற்றிருந்து பெருமை சேர்த்த மண் இது. இம்மண்ணுக்கு நாம் பிழைக்க வந்தவர்கள். எனினும் இதன் குடிமக்கள். அடுத்த முறை முறையிடச் செல்லும்போது, நிமிர்ந்து நின்று பேசும் உரிமையோடு செல்வோமாக!

வாழ்க தமிழ்! வளர்க மக்களாட்சி!