அந்தமானுக்கு வரும் அயல்நாட்டார்



தாயகத்தை விட்டு வேறு மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் குடியேறி வாழும் தமிழருள் அந்தமான் தமிழரின் நிலை சற்று விசித்திரமானது. சென்னைத் துறைமுகத்துக்கும் அந்தமான் தலைநகருக்கும் இடையே ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. நெடுங்காலம் போர்ட் பிளேயர் என வழங்கிய அந்நகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி தீவுகளில் இருந்தோர் 3,80,000-க்குச் சற்று மிகுதி. அவருள் நூற்றுக்கு ஏறக்குறையப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். இவர்களுக்கு மலேசியாவிலும் இலங்கையிலும் பர்மாவிலும் உறவினர் உண்டு. 2024 நவம்பரில் கோலாலம்பூரிலிருந்து நேரே ஸ்ரீ விஜயபுரத்துக்கு விமானம் வந்து இறங்கியது முதல், "அத்தை மகன் அங்கிருந்து வருகிறான், என்ன சீட்டு வாங்க வேண்டும்?" என்ற வினா எழுவது இயல்பே.

வினா சிறியது; விடை அவ்வளவு சிறியதன்று. அயல்நாட்டார் ஒருவர் இத்தீவுகளில் கால் வைக்க இரண்டு வாயில்களைக் கடக்க வேண்டும். இரண்டையும் காப்பவர் வேறு, காக்கும் நோக்கமும் வேறு. இதனை உணராதவர்கள்தாம் பெரும்பாலும் இடர்ப்படுகிறார்கள்.

முதல் வாயில் எல்லோரும் அறிந்ததே. 'விசா' என்னும் சொல் 'பார்க்கப்பட்டது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கடவுச்சீட்டை ஓர் அதிகாரி பார்த்துவிட்டார் என்பதே அதன் ஆதி அர்த்தம். இன்றோ அதிகாரி முகத்தைப் பாராமலே இணையத்தின் வழி விண்ணப்பித்து மின்விசா பெறலாம். இந்தியா இம்முறையை 2014 நவம்பரில் தொடங்கியது. சுற்றுலாவுக்கு வருவோர்க்கு முப்பது நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என்ற வகைகள் உண்டு. ஐந்தாண்டு என்று எழுதியிருப்பதைக் கண்டு ஐந்தாண்டு தொடர்ந்து தங்கலாம் என மயங்கலாகாது. ஐந்தாண்டுக் காலம் பன்முறை வந்து போகலாம் என்பதே அதன் பொருள். எத்தனை நாள் தங்கலாம் என்பதற்குத் தனி எல்லை உண்டு. சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளத்துக்கு வேலை செய்தலும் ஆகாது. ஹேவ்லாக் தீவில் (2018 டிசம்பர் முதல் அதன் பெயர் சுவராஜ் த்வீப்) ஆழ்கடலில் மூழ்கிப் பவளப் பாறைகளைக் காண வந்த வெள்ளையர் சிலர், அக்கலையைப் பிறர்க்குக் கற்பித்துக்கொண்டே காலங்கழிக்க விரும்புவதுண்டு. கற்பித்து ஊதியம் பெற வேண்டுமாயின் வேலைவாய்ப்பு விசா வேறு பெற்றாக வேண்டும்.

இரண்டாம் வாயிலுக்கு வருவோம். என் தொழில் மொழிபெயர்ப்பு. அரசாங்க ஆணைகளில் வரும் மூன்று ஆங்கிலச் சொற்கள் எனக்கு எப்போதும் தொல்லை தருவன. ஒன்றைக் 'காப்புப் பகுதி' என்றும், ஒன்றைக் 'கட்டுப்பாட்டுப் பகுதி' என்றும், மூன்றாவதைப் 'பழங்குடி ஒதுக்குப் பகுதி' என்றும் தமிழாக்குகிறோம். தமிழில் மூன்றும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. சட்டத்திலோ மூன்றும் வெவ்வேறு. காப்புப் பகுதிகளைப் பற்றிய ஆணை 1958-இல் பிறந்தது. வடகிழக்கு முதலிய எல்லைப்புறங்களை அது நோக்கியது. கட்டுப்பாட்டுப் பகுதிகளைப் பற்றிய ஆணை 1963-இல், அதாவது சீனப் படையெடுப்புக்கு அடுத்த ஆண்டில் வந்தது. அந்தமான் நிக்கோபார் தீவுகள் முழுவதையும் அவ்வாணை கட்டுப்பாட்டுப் பகுதியாக்கியது. தீவுகளின் இருப்பிடத்தைப் படத்தில் பார்த்தால் காரணம் விளங்கும். வடக்கே பர்மாவின் கோகோ தீவுகள் கண்ணுக்கெட்டும் தொலைவு என்னலாம். தெற்கே பெரிய நிக்கோபாரின் முனையிலிருந்து சுமத்திரா, சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகும் தொலைவினும் மிகப் பெரிதன்று.

ஆகவே விசா பெற்ற அயல்நாட்டார்க்கும் தனியாகக் கட்டுப்பாட்டுப் பகுதி அநுமதி தேவைப்பட்டது. பல்லாண்டுகள் நடந்த முறை இது: விமானத்திலிருந்தோ கப்பலிலிருந்தோ இறங்கியவுடன் குடிநுழைவு அதிகாரி முப்பது நாளைக்கு ஒரு சீட்டுக் கொடுப்பார், தக்க காரணம் காட்டினால் மேலும் பதினைந்து நாள் கிடைக்கும். எங்கெங்கே இராத்தங்கலாம், எங்கெங்கே பகலில் மட்டும் போய்வரலாம் என்று அச்சீட்டு வகுத்துச் சொல்லும். எரிமலை உள்ள பேரன் தீவைக் கப்பலில் இருந்தபடியே காணலாம், இறங்கலாகாது என்பது அதில் ஒரு விதி. எரிமலையை அவ்வாறு காண்பதே நன்று என்பேன்!

2018-ஆம் ஆண்டில் உள்துறை அமைச்சகம் இக்கட்டைத் தளர்த்தியது. மக்கள் வாழும் தீவுகளில் ஏறக்குறைய முப்பதுக்கு அயல்நாட்டார் இவ்வநுமதிச் சீட்டின்றியே வரலாம் என்று அறிவித்தது. ஆப்கானிஸ்தானம், சீனம், பாகிஸ்தானம் ஆகிய நாட்டினர்க்கும், அந்நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டோர்க்கும் இத்தளர்வு இல்லை. பர்மிய நாட்டினர் மாயாபந்தர், திக்லிபூர் செல்வதற்கும் பழைய கட்டுப்பாடே வைக்கப்பட்டது. வந்து சேர்ந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதும் விதி. இத்தகைய தளர்வுகள் ஆண்டு வரையறுத்துத் தரப்படுவன. அவ்வப்போது நீட்டவும் சுருக்கவும் படுவன. வடகிழக்கில் மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து ஆகியவற்றுக்குத் தந்த தளர்வு 2024 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டதை நினைவிற் கொள்க. டிக்கெட் வாங்குமுன் அமைச்சகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுவதே தக்கது.

தளர்த்தப்பட்டது கட்டுப்பாட்டுப் பகுதி ஆணை ஒன்றுதான். ஆதிவாசிகளைப் பாதுகாக்கும் 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை தளரவில்லை. இதைப் பலர் கவனிக்கவில்லை. கவனியாததன் விலையை ஒருவர் உயிரால் கொடுத்தார். 2018-இல் வெளியான தீவுகளின் பட்டியலில் வடக்கு சென்டினல் தீவின் பெயரும் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில், சுற்றுலா விசாவில் வந்த அமெரிக்க இளைஞர் ஒருவர் மீனவர்களுக்குப் பணம் கொடுத்து அத்தீவின் கரையை அடைந்து, தீவினரால் கொல்லப்பட்டார். அவரை ஏற்றிச் சென்ற உள்ளூர் மீனவர்கள் கைதாயினர். 2025 மார்ச்சில் மற்றோர் அமெரிக்கர் அதே தீவில் தனியாய் இறங்கி ஒரு தேங்காயையும் ஒரு கோலா பான டின்னையும் வைத்துவிட்டுத் திரும்பி, இரண்டொரு நாளில் கைதானார். தாம் செய்தது வீரம் என்று அவர் எண்ணியிருக்கலாம்; எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? அந்தமானின் சரித்திரமே விடை கூறும். 1858-இல் ஆங்கிலேயர் கைதிகளின் குடியிருப்பை நிறுவியபோது பெருந்தொகையினராய் இருந்த பெரிய அந்தமானியர், 1961-ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் பத்தொன்பதே பேராயினர். 1877-இல் பரவிய தட்டம்மை அவர்களைக் கூட்டங் கூட்டமாய் அழித்தது. நமக்குக் குழந்தைப் பருவத்தில் வந்து போகும் நோய், அதனை அறியாத உடலுக்குக் கூற்றுவனாகிறது. 1991 ஜனவரியில் மானிடவியலறிஞர் குழு ஒன்று கொண்டு சென்ற தேங்காய்களைச் சென்டினல் மக்கள் அம்பு தொடுக்காமல் கைநீட்டி வாங்கிக்கொண்டனர். அக்குழுவில் மதுமாலா சட்டோபாத்யாய் என்ற பெண்மணியும் இருந்தார். அவ்வளவு நற்பேறு வாய்த்த பின்னரும் அரசாங்கம் அப்பயணங்களைச் சில ஆண்டுகளில் நிறுத்திக்கொண்டது. அணுகாதிருப்பதே அவர்களுக்குச் செய்யும் உபகாரம் என்று முடிவாயிற்று. கரையைச் சுற்றி ஐந்து கடல் மைல் வரை எவரும் நெருங்கலாகாது.

'எவரும்' என்ற சொல்லை நன்கு கவனியுங்கள். 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் கண்ணுக்கு அமெரிக்கர் ஒருவரும் மதுரையிலிருந்து வந்த நாமும் ஒன்றே. அத்தீவின் பழங்குடியல்லாத எவரும் அதற்கு அந்நியர். ஒதுக்குப் பகுதிக்குள் புக இந்தியக் குடிமகனுக்கும் மாவட்ட ஆட்சியின் அநுமதிச் சீட்டு வேண்டும். முதல் வாயில் நாட்டை அயலாரிடமிருந்து காக்கிறது. இரண்டாம் வாயில் அம்மக்களை நம்மிடமிருந்து காக்கிறது.

இனி, வந்து போவோரை விட்டு, தங்கிவிட விரும்புவோரைப் பற்றிச் சிறிது. அயல்நாட்டுத் தமிழர்க்குப் பயன்படுவது 'இந்தியாவின் கடல்கடந்த குடிமகன்' என்ற பதிவு. 2005-இல் வந்த இத்திட்டத்தில் ஆயுட்கால விசா உண்டு. முன்னோர் 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தாலும் போதும். பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை விண்ணப்பிக்கலாம். பினாங்கில் பிறந்தவரின் கொள்ளுப்பாட்டனார் தஞ்சாவூரில் பிறந்தார் என்பதை எல்லோரும் வாயால் சொல்வார்கள். காகிதத்தால் மெய்ப்பிப்பதே பாடு. பழைய பெட்டியில் கிடக்கும் பட்டாவையும் பிறப்புப் பதிவையும் கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பெயரில் 'குடிமகன்' என்றிருப்பினும் இது குடியுரிமையன்று. வாக்குரிமை இல்லை, விவசாய நிலமும் தோட்டமும் விலைக்கு வாங்க இயலாது, கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குத் தனி அநுமதி வேண்டும் என்று 2021 மார்ச்சு அறிவிக்கை தெளிவாகக் கூறுகிறது. பத்துக் கோடி ரூபாய்க்குக் குறையாமல் முதலீடு செய்வோர்க்கு நீண்ட கால உறைவுரிமை தரும் திட்டமொன்றும் 2016-இல் வந்தது. அது நம் அத்தை மகனுக்கு ஆகாது, விட்டுவிடுவோம்.

சட்டமும் அண்மையில் புதிதாயிற்று. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட நான்கு சட்டங்களை நீக்கி, குடிநுழைவு மற்றும் அயல்நாட்டார் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. செல்லத்தக்க கடவுச்சீட்டும் விசாவும் இன்றி நுழைவோர்க்கு ஐந்தாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். காலங்கடந்து தங்கினால் மூன்றாண்டும் மூன்று லட்சமும். 2015 ஜனவரி 9 வரை வந்து புகலடைந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்க்கு இத்தண்டனைகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. விலக்கு என்பது தண்டியாமை மட்டுமே, குடியுரிமை தருவதன்று.

வீட்டுக்காரர் கடமையும் ஒன்று உண்டு. அயல்நாட்டார்க்கு இடங்கொடுப்போர் அதனை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். நெடுங்காலம் இதனைச் 'சி படிவம்' என்பார்கள். விடுதிக்காரர்க்கு மட்டுமே இவ்விதி என்று பலர் எண்ணுகிறார்கள். சொந்த வீட்டில் உறவினரைத் தங்கவைப்போர்க்கும் உரியது. "மாமா வீட்டுக்கு வந்த பிள்ளைக்குப் போலீசில் எழுதித் தருவதா?" என்று மனம் கூசலாம். எழுதித் தராவிட்டால் பிற்பாடு பதில் சொல்ல நேரும்.

யார் அயல்நாட்டார் என்பதும் எக்காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை. மாயாபந்தர் வட்டாரத்தில் வேபி என்னும் ஊரில் கரேன் மக்கள் வாழ்கிறார்கள். 1925-இல் பர்மாவிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள். பர்மா அன்று இந்தியாவோடு ஒன்றாய் இருந்தது. 1937 ஏப்ரலில்தான் பிரிந்தது. அவர்கள் எந்த எல்லையையும் கடக்கவில்லை. அவர்கள் குடியேறிய பின்னர் எல்லை வந்து நடுவே விழுந்தது.

நம்மவர் கதை இதற்கு நேர்மாறானது. 1964 அக்டோபரில் சாஸ்திரியாரும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் செய்த ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டங்களில் உழைத்துவந்த நாடற்ற தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டனர். கண்டிச் சீமையில் பிறந்து வளர்ந்தவர்கள், கண்டறியாத இந்தியாவின் கடவுச்சீட்டைக் கையில் பெற்றுத் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அவர்களுள் சில குடும்பங்கள் நிக்கோபாரைச் சேர்ந்த கச்சல் தீவில் ரப்பர்த் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்டன. தேயிலை போய் ரப்பர் வந்தது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அத்தீவில் பெருநாசம் விளைத்தது.

கச்சல் நிக்கோபாரியரின் ஒதுக்குப் பகுதிக்குள் இருக்கிறது. ஆதலால் ஸ்ரீ விஜயபுரத்தில் வாழும் தமிழர் ஒருவர் அங்குள்ள தம் சம்பந்தியைக் காண விரும்பினால், இந்தியக் குடிமகனாயினும், 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி சீட்டு வாங்கியே கப்பலேற வேண்டும். அட்டனிலிருந்து அதே குடும்பத்தின் தம்பி ஒருவர் வர விரும்பினால், அவருக்கு முதலில் விசா வேண்டும். தலைநகரில் இறங்கியதும் பதிவு வேண்டும். கச்சலுக்குப் போக வேறு அநுமதி வேண்டும். விசா கைக்கு வந்துவிட்டது என்பதற்காக அவ்வநுமதியும் வருமென்று நம்பிக் கப்பலுக்குப் பணம் கட்டிவிட வேண்டாம். ஸ்ரீ விஜயபுரத்திலேயே அண்ணனும் தம்பியும் சந்திக்க ஏற்பாடு செய்வது எளிது. கச்சலிலிருந்து வருவோர்க்கு அதற்குத் தடை ஏதும் இல்லை.