உயரம் யாருக்குத் தேவை? செர்மாட்டில் பனிச்சறுக்கு

ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விடுமுறைக்குத் திட்டமிடுகிறவர்கள் பலர், முதல் தடவை போகிறோம், உயரம் குறைந்த சின்ன ஊரே போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். மேலே இருக்கும் சரிவுகளெல்லாம் கைதேர்ந்தவர்களுக்கு, நமக்கு அடிவாரம் போதும் என்பது அவர்கள் கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பனி எங்கே விழுகிறது, எங்கே தங்குகிறது என்று பார்த்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. உயரமான இடம் மற்ற எவரையும்விடப் புதியவருக்குத்தான் அதிகம் தேவை. சுவிட்சர்லாந்தின் தென்பகுதியில், இத்தாலிய எல்லையை ஒட்டியிருக்கும் செர்மாட்டை வைத்து இதை விளக்கப் பார்க்கிறேன்.

செர்மாட் ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில், ஒரு குறுகிய பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கும் ஊர். வெளியூர்க் கார்கள் உள்ளே வர முடியாது. காரில் வருகிறவர்கள் 5 கிலோமீட்டர் முன்பாகவே டேஷ் என்ற கிராமத்தில் வண்டியை விட்டுவிட்டு ரயில் ஏற வேண்டும். ஊருக்குள் சத்தமில்லாமல் ஓடுகிற சிறு மின்சார வண்டிகள்தான். ஊருக்கு மேலே, ஒரு பக்கம் சாய்ந்த கூர்முனையோடு நிற்கிறது 4,478 மீட்டர் உயர மாட்டர்ஹார்ன். 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் உட்பட ஏழு பேர் முதன்முதலாக அதன் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் உயிரிழந்தார்கள். ஊரிலிருந்து மேலே போக மூன்று வழிகள். மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் ஏறும் கேபிள் ரயில் சில நிமிடங்களில் 2,288 மீட்டரில் இருக்கும் சுன்னெகாவில் கொண்டுபோய் விடும். 1898-லிருந்து ஓடும் பல்சக்கர ரயில் 3,089 மீட்டரில் உள்ள கோர்னர்கிராட் வரை போகும். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டையைக் கவ்விக்கொண்டு அது ஏறும். சுவிஸ் பொறியாளர் ரோமன் அப்ட் வகுத்த இதே முறையில்தான் நம் நீலகிரி ரயிலும் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகிறது. மூன்றாவது வழி கேபிள் கார். அது 3,883 மீட்டர் வரை தூக்கிச் செல்லும்.

புதியவருக்கு இந்த மூன்றில் சுன்னெகா போதும். அங்கே லைசே என்ற சிறு ஏரிக்கரையில் தொடக்கக்காரர்களுக்கென்றே மென்மையான சரிவு இருக்கிறது. அது 2,288 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம். பெரும்பாலான ஊர்களில் கற்றுக்கொள்ளும் சரிவு ஊரை ஒட்டி, மலையின் அடியில் இருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமாராக ஆறு டிகிரி குறையும். ஆகவே அடிவாரத்தில் மழையாகப் பெய்வது மேலே பனியாக விழும். 2023 புத்தாண்டையொட்டி ஆல்ப்ஸ் முழுக்க வெயில் ஏறியபோது, அடெல்போடன் என்ற சுவிஸ் ஊரில் நடந்த பனிச்சறுக்கு உலகக் கோப்பைப் பந்தயத்தின் படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். செயற்கைப் பனியால் போட்ட ஒரு வெள்ளைப் பட்டை, அதன் இருபுறமும் வெறும் புல்தரை. அப்படிப்பட்ட வாரத்தில் தேர்ந்தவர் லிஃப்ட் ஏறி மேலே போய்விடுவார். புதியவர் எங்கே போவார்?

இயந்திரத்தால் பனி தூவிவிடுகிறார்களே, அது போதாதா என்று கேட்கலாம். தடம் திறந்திருக்க அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் குளிர் வேண்டும். மேலும் அந்தப் பனி இயற்கைப் பனியைவிட அடர்த்தியானது. அடிவாரத்தில் பகலில் இளகி இரவில் உறைந்து, காலையில் கண்ணாடிபோல் கிடக்கும். புதியவர் முதலில் கற்பது, இரு பலகைகளின் முனைகளையும் நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, உள்விளிம்பை அழுத்தி வேகத்தைக் குறைப்பது. மெத்தென்ற பனியில் விளிம்பு பதியும், நிற்கலாம். உறைந்த தரையில் விளிம்பு வழுக்கும். கற்றதும் பயன்படாது, விழுந்தால் அடியும் பலம். உயரத்தின் அருமை இங்கேதான் தெரிகிறது.

அடுத்த ஆட்சேபம் செலவு. செர்மாட் விலை அதிகமான ஊர், இதில் ஐயமே இல்லை. ஆனால் டேஷில் தங்கி தினமும் ரயிலில் வந்துபோனால் அறை வாடகையில் மிச்சம் பிடிக்கலாம். புதியவர் மலை முழுவதற்குமான சீட்டு எடுக்கத் தேவையும் இல்லை. ஓர் ஆரம்பக்காரர் முதல் வாரத்தில் பயன்படுத்துவது ஒன்றிரண்டு சரிவுகளைத்தான். மலிவான ஊருக்குப் போய், பனியில்லாமல் பாதி வாரம் விடுதி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதும் செலவுதானே. உயரத்தால் தலைவலி, மூச்சுமுட்டல் வராதா என்றால், 3,883 மீட்டருக்கு முதல் நாளே போனால் வரலாம். ஆனால் உடம்புக்கு முக்கியம் தூங்குகிற உயரம். 1,600 மீட்டரில் படுத்து, பகலில் 2,288-க்குப் போய்வருவது பெரும்பாலோருக்குச் சிரமம் தராது.

எனக்கு மிகவும் பாரமாகத் தோன்றும் ஆட்சேபம் வேறு, சுற்றுச்சூழல் பற்றியது. சுவிஸ் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தங்கள் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. செர்மாட்டுக்கு மேலே தியோடுல் பனியாற்றில் கோடையிலும் சறுக்குகிறார்கள். அதை நான் பரிந்துரைக்கவில்லை. உருகிக்கொண்டிருக்கும் பனியாற்றின் மேல் ஒரு விடுமுறையைக் கட்ட வேண்டியதில்லை, குளிர்காலத்தில் சுன்னெகாவில் விழும் பனியே போதும். பள்ளத்தாக்குக்குப் போக காரும் வேண்டாம். சூரிச் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. ஃபிஸ்ப்பில் மாறினால் அடுத்த ரயில் செர்மாட்டில் இறக்கிவிடும்.

எப்போது போவது? கிறிஸ்துமஸ் வாரத்தில் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளி விடுமுறைகள் அடுத்தடுத்து வரும். ஜனவரியின் பின்பாதி ஏற்றது, ஆனால் குளிர் கடுமை. புதியவருக்கு நான் சொல்வது மார்ச் மாதத்தின் முன்பாதி. சுன்னெகா வெயில் படும் பக்கம் என்பதால் பிற்பகலில் அங்கும் பனி இளகும். பயிற்சி வகுப்பைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கடையில் உங்கள் எடை, உயரம், வயது, அனுபவம் எல்லாம் கேட்பார்கள். அதை வைத்து, காலணியைப் பலகையோடு பிணைக்கும் கொக்கியின் திருகைச் சுற்றி, சிறு சாளரத்தில் ஓர் எண்ணுக்குக் கொண்டுவருவார்கள். விழும்போது எவ்வளவு விசையில் பலகை காலைவிட்டுக் கழன்றுவிட வேண்டும் என்பதுதான் அந்த எண். கூச்சப்பட்டு எடையைக் குறைத்துச் சொன்னால் வேண்டாத நேரத்தில் கழலும். அனுபவத்தைக் கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். உண்மையைச் சொல்லிவிடுங்கள். காலுறை ஒன்றே ஒன்று, மெல்லியதாக இருக்கட்டும்.

உயரத்துக்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2018 ஜனவரியில் பனிச்சரிவு அபாயத்தால் சாலையும் ரயிலும் மூடப்பட்டு, சுமார் 13,000 பயணிகள் செர்மாட்டிலேயே இருக்க நேர்ந்தது. சிலரை ஹெலிகாப்டரில் கீழே இறக்கினார்கள். ஆகவே ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை மலையில் கழிக்காமல், ஒரு நாள் முன்னதாகவே இறங்கி சூரிச்சில் தங்கும்படி சீட்டுப் பதிவு செய்யுங்கள்.