எல்லைக்கோடு பறித்த உரிமை
ஜே.சி. டேனியல் நினைவுரை

(காஞ்சிரங்குளத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



மலையாளத் திரைத்துறையில் வாழ்நாள் பணிக்காகக் கேரள அரசு வழங்கும் மிக உயர்ந்த விருது ஜே.சி. டேனியலின் பெயரைத் தாங்கியது. 1992 இல் அது ஏற்படுத்தப்பட்டது. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1975 ஏப்ரல் 27 அன்று, டேனியல் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் மறைந்தார். அவர் உயிரோடிருந்தபோது கேரள அரசின் உதவி அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எல்லைக்கு அருகேயுள்ள நெய்யாற்றின்கரை வட்டாரத்து மக்கள் அவரை நினைவுகூர இது ஒன்றே போதும்.

டேனியல் ஒரு துறையில் அடங்கியவர் அல்லர். களரிப்பயிற்று வல்லவர், வாட்பயிற்சி பற்றி 1915 இலேயே ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். அந்தக் கலையை மக்களிடம் கொண்டுசெல்லும் வழி தேடியபோதுதான் திரைப்படத்தின் ஆற்றல் அவருக்குப் புலப்பட்டது. சென்னைக்கும் பம்பாய்க்கும் சென்று தொழிலைக் கற்றார். சொந்த நிலத்தை விற்று, 1926 இல் திருவனந்தபுரத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். கேரளத்தின் முதல் திரைப்படக் கூடம் அதுவே.

அங்கு உருவான ‘விகதகுமாரன்’ முதல் மலையாளத் திரைப்படம். கதை, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு, கதாநாயக வேடம் ஆகிய அனைத்தையும் டேனியலே ஏற்றார். அவருடைய மகன் சுந்தரமும் அதில் நடித்தார். நிலம் போனதையும் கடன் சேர்ந்ததையும் மனைவி ஜேனட் அவரோடு சேர்ந்து சுமந்தார். ஒரு குடும்பம் முழுவதும் தன் உடைமையையும் உழைப்பையும் ஒரு கலையின் பிறப்புக்குக் கொடுத்தது.

இந்தியத் திரைப்படங்களில் பெரும்பாலானவை புராணக் கதைகளை நம்பியிருந்த காலம் அது. டேனியலோ சமூகக் கதையை எடுத்தார். திருவிதாங்கூரிலிருந்து இலங்கைக்குக் கடத்தப்பட்ட சிறுவன், ஆங்கிலேயரின் தோட்டத்தில் கூலியாளாக வளர்வதே அதன் கரு.

படத்தின் கதாநாயகி பி.கே. ரோசி. புல்லறுத்துப் பிழைத்த தலித் பெண். காக்காரிசி நாடகத்தில் நடித்தவர். திரையில் அவர் நாயர் பெண்ணாகத் தோன்றியதை ஆதிக்க சாதியினர் பொறுக்கவில்லை. திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் கல்வீச்சு நடந்தது, திரை கிழிந்தது. ரோசியின் குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. அவர் இரவோடு இரவாகத் தமிழ்நாட்டுப் பக்கம் தப்பிச் சென்றார். பின்னர் நடிகை என்ற அடையாளத்தையே மறைத்து வாழ்ந்தார்.

இது நடந்தது, அருகிலுள்ள வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893 இல் தடையை மீறி வில்லுவண்டியில் பொதுச்சாலையில் சென்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு. சாலையில் தளர்ந்த சாதி, அரங்கில் கல்லை எடுத்தது. டேனியலை வீழ்த்தியது வெறும் வணிக நட்டமன்று. படத்தோடு அவருடைய முதலும் போயிற்று, கூடம் மூடப்பட்டது. பல் மருத்துவம் கற்றுத் தமிழகத்து ஊர்களில் அத்தொழிலைச் செய்து அவர் பிழைத்தார். படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் அவரைத் தேடிக் கண்டு எழுதியிராவிட்டால் பெயரும் எஞ்சியிராது.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மொழிவழி மாநிலங்கள் மக்கள் போராடிப் பெற்ற ஜனநாயக உரிமை, அதில் ஐயமில்லை. மக்கள் தம் மொழியில் ஆளப்படுவதற்காகவே அந்த எல்லை வகுக்கப்பட்டது. உழைத்தவனின் முதுமையைக் கைகழுவ அதைச் சாக்காக்குவது அந்தப் போராட்டத்துக்கே இழைக்கும் துரோகம். டேனியல் உழைத்தது திருவிதாங்கூரில். அவர் உருவாக்கியது மலையாளத் திரைப்படம். எல்லை வரையப்பட்டதோ அதற்குப் பல ஆண்டுகள் கழித்து.

இது பழங்கதையன்று, தோழர்களே. களியக்காவிளையைக் கடந்து இருபுறமும் நாள்தோறும் வேலைக்குப் போகும் கொத்தனாரும் தச்சரும் வெல்டரும் எலக்ட்ரீஷியனும் எத்தனை பேர்! வீட்டுக்கூரையையும் செப்பனிட்டு, மோட்டாரையும் பழுதுபார்த்து, பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பல தொழில் அறிந்தவர்கள் அவர்கள். 1996 ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் நல வாரியங்களை மாநிலந்தோறும் அமைத்தது. அச்சட்டத்தின்கீழ்ப் பதிவும் பயன்களும் அந்தந்த வாரியத்தோடு கட்டுண்டிருந்தன. பாதி வாழ்நாளை அப்பக்கமும் பாதியை இப்பக்கமும் உழைத்தவருக்கு அறுபது வயதில் எந்த வாரியம் பொறுப்பேற்கும்? டேனியலுக்குச் சொல்லப்பட்ட விடை அவருக்கும் சொல்லப்படக் கூடாது.

ஆகவே இரு மாநிலங்களிலும் செய்த வேலைநாட்களைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தொழிலாளி எங்கே குடியிருந்தாலும் அவருடைய ஓய்வூதியம் அவரைத் தேடிச் செல்ல வேண்டும். எல்லையின் இருபுறத்துத் தொழிற்சங்கங்களும் இந்தக் கோரிக்கையை ஒன்றாக எழுப்ப வேண்டும். அதற்கான முதற்பணி, நம் கிளைகள் வீடுவீடாகச் சென்று, யார் எங்கே எத்தனை ஆண்டு உழைத்தார் என்ற பட்டியலை எடுப்பது.

மறைந்தவருக்குச் சூட்டும் மாலையைவிட, வாழ்பவருக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் மேலானது. டேனியலுக்கும் ரோசிக்கும் உரிய அஞ்சலி அதுவே.