பழைய மோட்டாரின் உதறல்
(உத்திரமேரூர்ச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வங்காளத்து உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை செய்யப்பெற்ற அம்பாஸிடர் மோட்டார்களுள் பழையதொன்று நமது இல்லத்தில் உளது. சென்ற திங்களில், நின்ற இடத்தினின்று புறப்படுந்தோறும் அது குதித்து உதறலாயிற்று. நாம் சற்றும் ஆராயாது, வண்டியோட்டும் தம்பியைக் கடிந்தோம். மெக்கானிக் ஒருவரோ எஞ்சினையே பிரிக்கவேண்டுமென்றார்.

பின்னரே பொறுமையுடன் சோதித்தோம். அம்முறையைக் கூறுவாம். கியர் போடாது நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதிக்க வேண்டும். அப்போதே எஞ்சின் திக்குமாயின், குற்றம் பெட்ரோல் வரத்திலேனும் தீப்பொறியிலேனும் இருத்தல் கூடும். கார்புரேட்டர்த் துளையில் அழுக்கு, பிளக்கில் கரி, பாயிண்டில் தேய்வு ஆகியவற்றை முதற்கண் நோக்குக. அவ்வாறன்றி எஞ்சின் சீராக ஓடி, கிளட்சை விடுங்கால் மாத்திரம் வண்டி அதிருமாயின், கிளட்ச் தட்டில் எண்ணெய் படிந்திருக்கலாம். அன்றேல் எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் கிழிந்திருக்கலாம். நமது வண்டியிற் கிழிந்திருந்தது அவ்வெளிய ரப்பரே! அதனை மாற்றியதும் உதறல் நீங்கிற்று; தம்பியிடம் நாம் பொறுத்தருளக் கேட்டோம்.

முதற் பராந்தகன் காலத்து நம்மூர்க் கல்வெட்டு, இன்னின்ன தகுதியுடையார் பெயரையே குடவோலையில் இடுக என வரையறுக்கின்றது. ஆராய்ந்து துணிதல் இவ்வூர்க்குப் பழவழக்கமன்றோ?

ஆராயாது செலவிடின் கைப்பொருள் போம். ஆராயாது பழி கூறின் ஒரு பிள்ளையின் மனம் நோம். பொருளை மீண்டும் ஈட்டலாம். ஆதலின் முதலிற் சோதனை, பின்னரே செலவும் சொல்லும் என்பதை நம் இல்லந்தோறும் கைக்கொள்வோமாக.